அவர் தீர்ப்புக் கேட்கவில்லை

முன்பின் தெரியாதவர்களிடம் குடும்பக் கதையைக் கொட்டுகிற பெண்களைப் பற்றிக் கோபமான பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவரலாமா?", "பெத்தவங்களைப் பத்தி இப்படி எழுத எப்படி மனசு வருது?" என்றெல்லாம் கேட்கிறார்கள். சமையல், குழந்தை, வீட்டு வேலை என்று எல்லாமே பேசும் ஒரு ஃபேஸ்புக் பெண்கள் குழுவின் நிர்வாகிகளில் நானும் ஒருத்தி. பதிவுகள் வெளியே வருவதற்கு முன்பே அவற்றைப் படிக்கிறவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

யாரும் திட்டம் போட்டு வந்து இதையெல்லாம் சொல்வதில்லை. சின்னக் கேள்வியில்தான் ஆரம்பிக்கும். மாவு புளிக்கவே இல்லை, என்ன செய்ய? பிள்ளைக்கு வெளிக்குப் போய் மூன்று நாளாகிறது, கை வைத்தியம் இருக்கா? மாமியாருக்குச் சர்க்கரை, தீபாவளிக்கு என்ன பலகாரம் போடலாம்? கேட்ட கொஞ்ச நேரத்தில் ஈரோட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் பதில் வந்து குவியும். ஒரு காலத்தில் அத்தையோ சித்தியோ அடுப்படியில் நின்றபடியே சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு வேற்றூரில், தனி வீட்டில், கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு இந்தக் குழுதான் அத்தை வீடு. 103 டிகிரி காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுராத்திரி பதிவு போடுபவளிடம், "முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, மத்ததெல்லாம் அப்புறம்" என்று அதட்ட அங்கே ஒருத்தி விழித்திருக்கிறாள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இப்படிக் கேட்டுப் பதில் வாங்கிப் பழகிய இடத்தில்தான், ஒருநாள் வேறொன்று வெளியே வந்துவிடுகிறது.

ஒரு பெண்ணின் பதிவைச் சொல்கிறேன். அவரிடம் அனுமதி கேட்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அப்பாவின் முதல் வருஷ நினைவு நாள் வருகிறது, படையலுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். எங்கள் பக்கம் அன்றைக்குக் கவிச்சி படைக்கிற வீடுகளும் உண்டு. வாழைக்காய், வடை, பாயசம் என்று பதில்கள் வந்துகொண்டிருந்தன. ஒருவர், "அவருக்கு ரொம்பப் பிடிச்சதை மறக்காம வைங்க" என்றார். அதற்குக் கீழே அந்தப் பெண் எழுதினார்: "அவருக்குப் பிடித்தது மீன் குழம்பு. உப்புக் கம்மி என்று கொதிக்கிற சட்டியை அம்மா மேல் வீசினார். அம்மா தோளில் இன்னும் தழும்பு இருக்கிறது. நான் மீன் மார்க்கெட் பக்கமே போவதில்லை. படைத்துத்தான் ஆகணுமா?"

அதுவரை வாழைக்காய் வறுவலுக்கு ஆளுக்கொரு பக்குவம் சொன்னவர்கள் திடீரென்று நீதிபதி ஆகிவிட்டார்கள். செத்தவரைப் பழிக்காதே, பித்ரு சாபம் வரும் என்றார் ஒருவர். மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்றார் இன்னொருவர். "நீங்க எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்று கேட்டவரும் உண்டு. எனக்கு அதிகம் வலித்தது, "உங்க அம்மா ஏன் அப்பவே விட்டுட்டுப் போகலை?" என்ற கேள்விதான். எங்கே போயிருப்பார்? பிறந்த வீட்டுக்குப் போனால் "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பிய காலம் அது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் 2005-இல்தான் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். அடிபட்டவளுக்கு அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு என்பதைத் தெளிவாக எழுதிவைத்ததே அந்தச் சட்டம்தான். இந்தப் பெண் பாவாடை சட்டையில் நின்று பார்த்தது அதற்கெல்லாம் வெகு காலம் முன்பு.

அத்தனை பேரில் ஒரே ஒரு அக்கா மட்டும், "படைக்க வேண்டாம் தங்கச்சி. சாதம், பருப்பு, பாயசம் போதும். அம்மா இப்போ உங்க கூடத்தான் இருக்காங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் எழுதியது அந்த ஒரு கருத்துக்குத்தான்.

நான் சொல்லவருவது இதுதான். மாவு புளிக்கவில்லை என்பவருக்குப் பதில் வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. அப்பா சட்டியை வீசினார் என்பவருக்கு நம் பதில் வேண்டாம். அவர் யாரையும் விசாரிக்கச் சொல்லவில்லை, தீர்ப்பும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஒருவரிடமும் சொல்லாததை ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார். "படிச்சேன்மா, ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைக்கூட எழுதத் தோன்றவில்லையென்றால் பேசாமல் நகர்ந்துவிடலாம்.

சொந்தக்காரர்களிடம் சொல்லக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு: சொல்லிப் பார்த்திருப்பார்கள். அண்ணனுக்கு அதே அப்பா நல்ல அப்பாவாக இருந்திருப்பார். சித்தி, "இப்போ எதுக்குப் பழசைக் கிளறுறே?" என்று பேச்சை மாற்றியிருப்பார். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு யார் வீட்டுக் கல்யாணத்திலாவது அது திரும்பி வரும் என்ற பயம் வேறு. முகம் தெரியாதவரிடம் அந்தப் பயம் இல்லை.

இது ஃபோன் வந்து கெடுத்த பழக்கமும் இல்லை. தினமலர் வாரமலரில் 'அன்புடன் அந்தரங்கம்' பகுதியில் அனுராதா ரமணன் பதில் சொன்ன காலத்தில், பெற்ற தாயிடம் சொல்லாததை எத்தனை பெண்கள் கடிதமாக எழுதினார்கள்! அதற்கும் முன்னால் ஒப்பாரி இருந்தது. எழவு வீட்டில் தலைவிரித்து உட்கார்ந்து பாடும்போது, போனவரைப் பற்றி மட்டுமா பாடினார்கள்? கட்டிக்கொடுத்த இடத்தில் பட்ட பாடு, அண்ணி கொடுத்த சுடுசொல், கிடைக்காத பங்கு எல்லாம் ஊர் முன்னால் பாட்டில் வந்துவிடும். சுற்றி இருந்தவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள். நடுவில் நிறுத்தி, "உன் மேலயும் தப்பு இருக்கும்ல" என்று கேட்கவில்லை.

எழுதினால் ஆறுமா என்றால், கொஞ்சம் ஆறும் என்கிறது ஆராய்ச்சி. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. நம் குழுக்களுக்கு முக்கியம் இந்தக் கடைசி விஷயம்தான். அவர் ரொம்பவும் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் நம் கருத்துகள் வரிசையாக அவர் ஃபோனில் போய் விழுகின்றன.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் தெரியாமல் பதிவிடும் வசதியைப் பயன்படுத்தினாலும், குழு நிர்வாகிகளுக்கு உங்கள் பெயர் தெரியும், ஃபேஸ்புக்குக்கும் தெரியும். யார் நிர்வாகி என்று பார்த்துக்கொண்டு எழுதுங்கள். ஊர், தெரு, வேலை, பிள்ளைகளின் பள்ளி இதெல்லாம் வேண்டாம். நம்புகிற ஆயிரம் பேருக்கு நடுவில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒருவர் போதும். அம்மா உயிரோடு இருந்தால், முடிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தத் தழும்பு அவருடையதும்தான். கேட்க முடியாத வீடுகள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

பழைய நினைவு வேறு, இன்றைய ஆபத்து வேறு. "இப்பவும் அடிக்கிறார்", "இனிமே இருந்து என்ன" என்று ஒரு வரி வந்தால், படித்துவிட்டு நகரும் பேச்சே கிடையாது. உடனே நிர்வாகிக்குச் சொல்லுங்கள், தனிச்செய்தியில் அவரோடு பேச்சு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த எண்களைக் கொடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. மனநல ஆலோசனைக்கு 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986-இலிருந்து இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. எங்கள் குழுவில் இவற்றை எல்லாப் பதிவுகளுக்கும் மேலே பின் செய்து வைத்திருக்கிறோம். குழு நடத்துகிறவர்கள் அப்படியே எடுத்து உங்கள் பக்கத்திலும் போட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம்.