ஜிம்னி லிஃப்ட்: நீளமான ஷாக் எல்லாம் சேராது

சுசுகி ஜிம்னி ஜீப்பை உயர்த்த (லிஃப்ட்) “2 இன்ச் உயரம் கூட்டும் ஸ்பிரிங் போட்டா, நீளமான ஷாக் அப்சார்பர் எதுவும் சேரும்”னு சிலர் சொல்றது பாதிதான் சரி. அந்த ஸ்பிரிங்குக்கு கம்பெனி ஷாக் குட்டை. சக்கரம் தொங்கும்போது முழுசா நீண்டு ‘டொக்’குனு அடிக்கும், அது உண்மை. ஆனா மடங்கிய நீளத்தை, அதாவது ஷாக் முழுசா அமுங்கும்போது இருக்கும் நீளத்தை, விட்டுடறாங்க. ஸ்பிரிங்கைக் கழற்றி, பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வந்து முட்டாம தடுக்கும் ரப்பர்) நல்லா நசுங்கும்வரை ஆக்சிலை ஜாக்கில் தூக்கி, ஷாக்கைப் பிடிக்கும் மேல் கீழ் மவுண்ட்டுக்கு நடுவே டேப் வச்சு அளங்க. ஷாக்கின் மடங்கிய நீளம் அதைவிட 10–15 மி.மீ. குறைவா இருக்கணும். இல்லேன்னா பெரிய பள்ளத்தில் பம்ப் ஸ்டாப்புக்கு முன்னாடி ஷாக்தான் முட்டும். ஷாக்குக்குள்ளே அடியில் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு கெட்டுப்போகும், சில சமயம் மவுண்ட்டே கிழியும். அளவு மீறின ஷாக்கை ஏற்கெனவே வாங்கியாச்சுன்னா பம்ப் ஸ்டாப்பை அந்த அளவுக்கு இறக்குங்க. சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுதான்னும் பாருங்க. ரப்பர் புஷ் வழியா போகும் போல்ட்டை வண்டி தரையில் நின்ன பிறகுதான் இறுக்கணும், நிறைய பேர் இதைச் செய்யறதில்லை.