கூலி நோட்டில் இருந்த பெயர்கள்

கண்காட்சிகளில் ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் சுவரில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அந்த அட்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு கலைஞர் ஓர் ஊருக்கு வந்து, அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து ஒன்றைச் செய்கிறார் என்றால், அட்டையில் அந்த ஊர்க்காரர்களின் பெயர் இருக்க வேண்டும். "உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புடன்" என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் போடுகிறார்களே, அது போதாது. ஆள் ஆளாகப் பெயர் வர வேண்டும், கலைஞரின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில்.

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் தோட்டத்திலும் கடையிலும் தமிழ், ஆபீசுக்குப் போனால் மலையாளம். கொச்சியில் 2012 டிசம்பர் 12 அன்று பைனாலே (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடத்தும் பெரிய கலைக் கண்காட்சி) தொடங்கிய பிறகு கேரளத்துக்கு வந்து தங்கி வேலை செய்யும் கலைஞர்களை நிறையப் பார்க்கிறோம். எங்கள் பனங்காட்டுப் பக்கமும் ஒரு ஏற்பாட்டில் ஒருவர் வந்தார். வடக்கே ஒரு பெரிய நகரத்துப் பையன். பனையோலையில் ஆள் உள்ளே போய் நிற்கிற மாதிரி ஒரு குதிர், அதாவது நெல் கொட்டி வைக்கும் கூடு, செய்ய வேண்டும் என்று வரைந்து எடுத்து வந்திருந்தார். எங்கள் ஊர்க் குடும்பஸ்ரீ (கேரளத்து மகளிர் குழு) பெண்களில் ஓலை முடையத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, அதனால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சை மாற்றிச் சொல்கிற வேலை எனக்கு.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அவர்கள் கைவேலைதானே செய்தார்கள், யோசனை கலைஞருடையதுதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் நாள் அவர் ஆள் வைத்து வெட்டிப் போட்டிருந்த ஓலையைப் பார்த்ததுமே ஒரு பாட்டி சொன்னார்: "தம்பி, இது முத்துன ஓலை. மடக்குனா ஒடிஞ்சுரும். குருத்தோலை கொண்டாரச் சொல்லு." குருத்து வந்தது. அதை வெயிலில் போட்டு வெளுக்க விட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகுந்து, முடைவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்குக்குள் சுற்றி வைத்தார்கள். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியும்தானே, உச்சி வெயிலில் அந்தக் காற்றுப் பட்டால் ஓலை மொடமொடவென்று ஆகிவிடும், அதனால் காலையிலும் சாயங்காலமும் மட்டும்தான் முடைவோம் என்று அவர்களே நேரத்தை மாற்றினார்கள்.

அப்புறம் வடிவம். அவர் வரைந்தது ஒற்றை ஓலையில், மேலே போகப் போகக் குறுகி, வாய் திறந்த மாதிரி. பாதி உயரம் வந்ததும் அது ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. கம்பி வைத்துக் கட்டலாமா என்று அவர் கேட்டார். கம்பி வேண்டாம், துரு ஏறி ஓலையில் கறை பிடிக்கும் என்றார்கள். அரிசிப் பெட்டிக்குப் போடுவது போல இரட்டை ஓலையாகப் போட்டு, உள்ளே மூங்கில் வளையம் கொடுத்து, வாயை மட்டையிலிருந்து உரித்த நாரால் விளிம்பு கட்டினால் நிற்கும் என்று ஓர் அக்கா சொல்லி, சொன்னதோடு விடாமல் ஒரு சின்னப் பெட்டி முடைந்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அதற்கப்புறம் செய்தது எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துத்தான். நடு உயரத்தில் நெளிநெளியாக ஓடும் ஒரு பின்னல் உண்டு, அது இன்னொருவர் தன் அம்மாவிடம் கற்றது. அதை வைக்கலாம் என்று சொன்னதும் அந்தப் பின்னல்காரர்தான், எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னதும் அவரேதான்.

இதில் எது யோசனை, எது கைவேலை? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

குதிர் நகரத்துக்குப் போய்க் கண்காட்சியில் நின்றது. அங்கே போன ஒரு நண்பர் படம் அனுப்பினார். அட்டையில் கலைஞர் பெயர், வருடம், பனையோலை, மூங்கில், நார், கீழே "உள்ளூர் சமூகத்தின் ஆதரவுடன்". பக்கத்திலேயே வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்கள். எல்லாவற்றிலும் கைகள். ஓலையை மடக்கும் கை, நார் இழுக்கும் கை, வளையல் போட்ட கை. ஒரு முகம் இல்லை. ஓலைக்கு, மூங்கிலுக்கு, நாருக்குப் பெயர் போட்டவர்களுக்கு ஒரு மனுஷியின் பெயர் போடத் தோன்றவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பிள்ளை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், தொழிலுறப்பு (நூறு நாள்) வேலையில் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே கூலி கொடுக்கச் செய்தார். அட்டை அச்சடித்தது ஏற்பாட்டாளர்கள். கேட்டதற்கு, "இத்தனை பெயரையும் எப்படிச் சேகரிப்பது" என்று பதில் வந்தது. சேகரிக்க என்ன இருக்கிறது? தினமும் சாயங்காலம் கூலி கொடுக்க ஒரு நோட்டு இருந்ததே! அதில் எல்லார் பெயரும் இருந்தது, எதிரில் கையெழுத்தும் இருந்தது. கணக்குக் காட்ட அந்தப் பெயர்கள் வேண்டும். சுவரில் ஒட்ட மட்டும் எங்கிருந்தோ சேகரிக்க வேண்டியதாகிவிடுகிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயெட்டியின் உலக வரைபடங்கள் மிகப் பிரபலம், 1971 முதல் 1994-இல் அவர் இறக்கும் வரை வந்தவை. ஒவ்வொரு நாட்டையும் அதன் கொடியின் நிறத்தில் பூத்தையலாகப் போட்டிருப்பார்கள். தைத்தவர்கள் ஆப்கானியப் பெண்கள், முதலில் காபூலில், போர் வந்த பிறகு பாகிஸ்தானின் பெஷாவரில் அகதிகளாக. அவற்றில் ஒரு வரைபடத்தில் கடல் இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது. அவர்களிடம் அந்த நிற நூல் நிறைய இருந்தது, தைத்துவிட்டார்கள். போயெட்டிக்கு அது பிடித்துப்போய், அதற்கப்புறம் கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டார். ஓர் உலக வரைபடத்தில் கடலுக்கு என்ன நிறம் என்று தீர்மானிப்பது சின்ன முடிவா? இன்று அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கிறவர் "ஒரு போயெட்டி" என்றுதான் சொல்வார். அந்த நூலைக் கோத்தவள் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

கொச்சியிலேயே ஒன்று சொல்கிறேன். 2018 பைனாலேயில் தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சன் "நூற்றுப் பத்தொன்பது விற்பனைப் பத்திரங்கள்" என்று ஒரு படைப்பு வைத்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கேப் டவுனுக்குக் கொண்டுபோய் அடிமைகளாக விற்ற மனிதர்களின் விவரங்களை, முதலாளி வைத்த பெயர், வயது, பிறந்த ஊர், வாங்கியவர், விலை என்று பருத்திச் சட்டைகளில் கறுப்பு மையால் எழுதி, அவற்றைக் கேப் டவுன் கோட்டைச் சேற்றுத் தண்ணீரில் முக்கி, கொச்சிக்கு அனுப்பி, இங்கே வெளுத்துக் கொடியில் தொங்கவிட்டது. வெளுத்த இடம் ஃபோர்ட் கொச்சி தோபிகானா, அதாவது பொதுச் சலவைக்கூடம். அங்கே வேலை செய்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தார். கிளிப் போடாமல், இரண்டு கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிக் காயப்போடுவார்கள், போய்ப் பாருங்கள். டச்சுப் படையின் உடுப்பு வெளுக்கத் தங்கள் முன்னோரை டச்சுக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பது இந்த வண்ணார்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

அதே டச்சுக்காரர்கள்! ஒரு பக்கம் இங்கிருந்து ஆள் பிடித்துக் கப்பல் ஏற்றியவர்கள், இன்னொரு பக்கம் துணி வெளுக்க ஆள் கொண்டுவந்தவர்கள். அந்தச் சட்டைகளின் சேற்றைக் கழுவிய கைகள் அந்த வரலாற்றின் இன்னொரு கரையிலிருந்து வந்தவை. மனத்தை உலுக்கும் படைப்பு, வில்லியம்சன் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதனால்தான் கேட்கிறேன், பெயர் இழந்தவர்களைப் பற்றிய ஒரு படைப்பில், வெளுத்தவர்களின் பெயரும் அந்தப் படைப்பின் பகுதிதானே? அந்தப் படைப்பைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் "கொச்சியின் சலவைக்கூடத்தில் வெளுக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் 1990-களின் பிற்பகுதியிலிருந்து சத்தீஸ்கரின் பஸ்தரில் கொண்டாகாவ் பகுதியில் ஆதிவாசிக் கலைஞர்களோடு வேலை செய்து வருகிறார். ஊர்க் குழாயடிகளைச் சுற்றி அவர்கள் சேர்ந்து அமைத்த நல்பார் வேலைகளைப் பற்றிப் பேசும்போது ராஜ்குமார், சாந்திபாய், கெஸ்ஸுராம் என்று உடன் படைத்த கலைஞர்களாகவே பெயர் வருகிறது. நமக்கும் இது ஒன்றும் புதிதில்லை. ஒற்றப்பாலம், ஷொரணூர் பக்கத்துப் பத்திரகாளி கோயில் கூத்துமாடங்களில் இருபத்தொரு விளக்கு ஏற்றிக் கம்பராமாயணப் பாட்டைப் பாடி நடத்தும் தோல்பாவைக்கூத்தில், தொடக்கத்தில் பட்டர் (பிராமணர்) உருவப் பாவைகள் வந்து குருமார்களை வணங்கி, கூத்து நடத்தப் பொருள் கொடுத்தவர்களையும் வாழ்த்திவிட்டுத்தான் கதைக்குள் போவார்கள். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலே உபயம் என்று பெயர் எழுதுகிற ஊர் நாம், மாதக்கணக்கில் முடைந்தவளுக்குப் பெயர் போட யோசிக்கிறோம்.

"கூலி கொடுத்தாயிற்றே" என்பவர்களுக்கு ஒன்று. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கூட்டுப் படைப்பாளர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்து, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாது என்றால் எல்லாருமே படைப்பாளர்கள். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைப்பாளரிடமே இருக்கும். ஓலை முடைகிறவளுக்கு இதை யாரும் சொல்வதில்லை, அவள் கோர்ட்டுக்குப் போகப் போவதும் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

சிக்கல் இல்லாமல் இல்லை. பட்டியலை ஊர்ப் பெரிய மனுஷரிடம் விட்டால் அவர் சொந்தக்காரர் பெயர் முதலில் வரும். சாதிப் பெயரை மட்டும் போட்டு "இந்தச் சமூகத்துடன் இணைந்து" என்று முடித்துவிடுகிற ஆபத்து இருக்கிறது, அது இன்னும் மோசம். பெயர் வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் கேட்க வேண்டும், ஒவ்வொருவரிடமும், அவர்கள் மொழியில். எங்கள் ஊரில் அந்தப் போட்டோவைப் போனில் காட்டினேன். "இது என் பின்னலு" என்று அந்த நெளிப் பின்னல்காரர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பெயர் போடவில்லை என்றதும் முதலில் "நம்ம பேரு எதுக்குங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பி பேருக்குக் கீழ சின்னதாப் போட்டிருந்தாக்கூடப் போதுமே" என்றார்.

சின்னதாக எதற்கு, அக்கா?

இப்போது இன்னொரு குழு பஞ்சாயத்தில் பேசிக்கொண்டிருக்கிறது, அடுத்த குருத்து வெட்டுக்கு வருவார்களாம். பெண்கள் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூலி நோட்டில் இருக்கிற பெயர் அத்தனையும் அட்டையில் வர வேண்டும், முகம் தெரிகிற போட்டோ வேண்டும், படைப்பு வேறு இடத்துக்குப் போனாலோ விற்றாலோ சொல்ல வேண்டும், விற்ற பணத்தில் பங்கும் வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் நான்தான் எழுதினேன், ஆங்கிலத்தில் யாராவது சுத்தமாக எழுதித் தந்தால் நல்லது. இன்பாக்சுக்கு வாருங்கள். கலைஞர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் போகிற ஊரிலும் வேலை தொடங்கும் முன்பே இந்தப் பேச்சைப் பேசி முடித்துவிடுங்கள்.