கண்ணாடி மண்டபத்தில் கைப்பேசிக் காடு

பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் 1678-இல் கட்டத் தொடங்கிய, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் அங்கே நான் கண்டதெல்லாம் முன்னால் நின்றவர்களின் உயர்த்திய கைகளையும் அவற்றில் ஒளிர்ந்த கைப்பேசித் திரைகளையும்தான். 73 மீட்டர் நீள மண்டபம், 17 சாளரங்களுக்கு எதிரே 357 கண்ணாடிகள், மேலே ஓவியர் லெ ப்ரன் தீட்டிய விதான ஓவியங்கள் என இத்தனை இருக்க, ஒருவரும் அண்ணாந்து பார்க்காமல் கண்ணாடியின் முன் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தால் என்ன சொல்வது? (அதற்கு வீட்டுக் குளியலறை போதாதா?) ஒரு பெண்மணி செல்ஃபி குச்சியைச் சுழற்றிய வேகத்தில் என் மூக்குக்கண்ணாடி கழன்று மரத்தரையில் விழுந்தது, மன்னிப்புக் கேட்கவும் நேரமின்றி அவர் அடுத்த படத்துக்கு உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்திலாவது நிம்மதியாக நடக்கலாம் என்று இறங்கினால், தோட்டக் கலைஞர் லெ நோத்ர் நேர்கோடாக வகுத்த பாதை முடியும் இடத்தில், அப்போலோவின் சிலை தன் தேரோடு நீரிலிருந்து எழும் குளத்தின் விளிம்பெங்கும் அதே குச்சிகள். பொறுக்கமாட்டாமல் நானும் எடுத்த ஒரே படத்தில், அந்தச் சூரியக் கடவுளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய தொப்பி இருக்கிறது.