கல்முனை பஸ்ஸும் கோடாலித் தைலமும்

(மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ். தெய்வானை, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரைதீவில் மகள் வீட்டுக்குப் போகிறார். பக்கத்து வீட்டு மலர் வேளாண்மைக்காரி. மடியில் மருந்தடிக்கிற மெஷினின் கழன்ற குழாய். பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறுகிறது.)

மலர்: என்னக்கா, போனுக்குள்ள தலையை விட்டிருக்கிறீங்க? மகள் படம் ஏதும் அனுப்பினாளா?

தெய்வானை: யாழ் நூல், மலர். விபுலாநந்த அடிகள் எழுதினது. போன மாதம் தொடங்கினேன்.

மலர்: சாமியா? அவருடைய சமாதி இந்தா வரப்போகிற சிவானந்தா பள்ளிக்கூடத்தில்தானே இருக்கு. கும்பிட்டுக்கொள்ளுங்க. எவ்வளவு முடிஞ்சது?

தெய்வானை: பாயிரம்.

மலர்: ஒரு மாதத்தில் பாயிரமா?

தெய்வானை: யாழ் என்றால் பாட்டும் பண்ணுமாகப் போகும் என்று நினைத்தேன். உள்ளே போனால் பின்னக் கணக்கு! அவர் விஞ்ஞானப் பட்டதாரி அல்லவா? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, அழிந்துபோன யாழைக் கணக்குப் போட்டே பிடிக்கப் பார்த்திருக்கிறார்.

மலர்: சின்னவனுக்கு வாற வருசம் ஓ.எல். சோதனை. கணக்குக்கு உதவுமா?

தெய்வானை: சும்மா இரு. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றினார்கள். அடுத்த மாதமே அவர் போய்விட்டார்.

மலர்: பாவம். (யோசித்து) அப்ப, முடிக்கிற அவசரம் உங்களுக்கும் வேண்டாம் அக்கா.

(காத்தான்குடி. சனம் ஏறுகிறது, இறங்குகிறது, திரும்பவும் ஏறுகிறது.)

தெய்வானை: இடையில் களைப்பாற ஒரு நாவல் எடுத்தேன். எஸ்.பொ.வின் ‘சடங்கு’. யாழ்ப்பாணத்து மனிதர்தான், ஆனால் மட்டக்களப்பில் வாத்தியாராக இருந்தவர். 1966இல் வந்தது.

மலர்: கதை?

தெய்வானை: (குரலைத் தாழ்த்தி) கொழும்பில் ஒரு கிளாக்கர். லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு, பெண்சாதியைப் பார்க்க வருகிறார்.

மலர்: சரி.

தெய்வானை: பார்க்க.

மலர்: பார்க்கத்தானே வருவார்?

தெய்வானை: மலர்... பார்க்க!

மலர்: ஓ! (முன் சீட்டு ஐயா காதில் மாட்டின மெஷினைத் திருகிக் கூட்டுகிறார்.) மெதுவாச் சொல்லுங்க.

தெய்வானை: வீடு நிறைய ஆட்கள். ஒரு அலுவல் முடிந்தால் இன்னொன்று. லீவு நாள் ஓடிக்கொண்டே இருக்கு...

மலர்: இதற்கு ஒரு நாவலா? எங்கட மனிசன் கட்டாரில் இருந்து லீவில் வந்தாரே, அந்த மாதம் முழுக்க இதுதான் கதை. விடிய நாலரைக்கே கோடாலித் தைலம் கேட்டு மாமா. அவர் போக, சவர்க்காரம் கேட்டு மச்சாள். இரவு பத்து மணிக்குச் சூட்கேஸை நிறுத்துப் பார்க்க ஒரு கூட்டம். கடைசியில் விமான நிலையத்தில்தான் ரெண்டு பேரும் தனியா நின்றோம், அதுவும் கழிப்பறை வரிசையில். நான் எழுதியிருந்தால் ரெண்டு பாகம் வந்திருக்கும்.

(ஐயா தலையாட்டுகிறார். அவரும் வெளிநாட்டில் இருந்தவர் போலும்.)

மலர்: மறுகா, இதெல்லாம் எந்தக் கடையில் வாங்குறீங்க?

தெய்வானை: கடையில் இருந்தால்தானே வாங்க! இணையத்தில் ‘நூலகம்’ என்று ஒன்று, 2005இல் தொடங்கினது. ஈழத்துப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். காசு இல்லை. சில புத்தகத்தில் பூச்சி அரித்த ஓட்டையும் அப்படியே வரும். முதல்நாள் ஏதோ அழுக்கு என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

(களுவாஞ்சிகுடி தாண்டி, கல்லாறு.)

தெய்வானை: இனிப் பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணன் அந்த ஊர்தான். சின்னத்துரை என்று ஒரு வாத்தியார். ‘வேளாண்மை’ என்றே ஒரு காவியம் பாடினார், நம்ம பேச்சிலேயே. 1975இல் காலமானார். புத்தகம் பிறகுதான் வந்தது.

மலர்: வாத்தியார் வேளாண்மை பாடினாரா? வயலில் இறங்கினவரா, வரம்பில் நின்று பார்த்தவரா? வரம்பில் நின்று பேசுற ஆட்களை நான் நிறையப் பார்த்திட்டேன்.

தெய்வானை: நீயே படித்துப் பார்.

(போன் கைமாறுகிறது. மலரின் உதடு அசைகிறது. குழாய் மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுகிறது. குனிந்து எடுக்க ஆள் இல்லை.)

மலர்: ம்... இது எங்கட பெரியம்மா கதைக்கிற மாதிரியே கிடக்கு.

தெய்வானை: எங்கே, காட்டு?

மலர்: பொறுங்கக்கா.

தெய்வானை: பெரியநீலாவணை போகிறது, பார்!

மலர்: போகட்டும்.

தெய்வானை: மருதமுனையும் போயிற்று. போனில் சார்ஜ் வேறு குறைவு.

மலர்: உங்களுக்குத்தான் யாழ் நூல் இருக்கே, அதைப் படிங்களேன்.

தெய்வானை: அதுவும் அந்தப் போனுக்குள்தான் இருக்கு!

(மலரின் பையிலிருந்து அவளுடைய பொத்தான் போன் அலறுகிறது.)

மலர்: ஓம், சொல்லுங்க... எங்கே, பஸ் நகரவே இல்லை, வழி முழுக்க ஒரே சனம்... குழாய் வாங்கி வர இரவாகும். சோற்றை நீங்களே ஆக்குங்க.

(பஸ் பாண்டிருப்பைத் தாண்டிப் பறக்கிறது.)

மலர்: அக்கா, அடுத்த பக்கம் எப்படித் திருப்புறது?