மறந்தது யார்?

நியூயார்க் நகரின் பிராட்வேயில் 290ஆம் எண் அரசு அலுவலகக் கட்டடம். 1991இல் அந்த 34 மாடிகளுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதுதான் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இன்றுவரை அதை ‘மறக்கப்பட்ட ஆப்பிரிக்கர் இடுகாடு’ என்றே எழுதுகிறார்கள். எனக்கு அந்த ‘மறக்கப்பட்ட’ என்ற சொல்லோடுதான் சண்டை.

1755ஆம் ஆண்டு வரைபடத்திலேயே அந்த இடம் நீக்ரோக்கள் இடுகாடு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. தோண்டுவதற்கு முன்பே அதிகாரிகளுக்கும் அது தெரியும். மேலே எழுந்த கட்டடங்களின் நிலவறைகள் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் பள்ளத்தை மேடாக்க என்றோ கொட்டிய மண், சில இடங்களில் 25 அடி வரை, இறந்தவர்களைப் பத்திரமாக மூடி வைத்திருந்தது.

டிரினிட்டி தேவாலயம் 1697இல் தன் கல்லறைத் தோட்டத்தைக் கறுப்பின மக்களுக்கு மூடியது. அதனால் அடிமைகளும் சுதந்திரமானவர்களும் ஊருக்கு வெளியே புதைக்கப்பட்டார்கள். அடிமையின் சவ அடக்கத்துக்கு 12 பேருக்கு மேல் கூடக்கூடாது, இரவில் புதைக்கவே கூடாது என்று நகரச் சட்டங்கள் இருந்தன. பகலெல்லாம் எஜமானுக்கு உழைப்பவன் வேறு எப்போது அழுவான்?

தோண்டி எடுத்தவை 419 பேரின் எச்சங்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைகள். ஒரு தாயின் கைவளைவில் பச்சிளம் குழந்தை கிடந்தது. இன்னொரு பெண்ணின் இடுப்பில் மணிமாலை. ஒரு சவப்பெட்டியின் மூடியில் இரும்பு ஆணிகளை வரிசையாக அடித்து இதய வடிவம் வரைந்திருந்தார்கள். அது ‘கடந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்’ என்று பொருள்படும் கானாவின் சங்கோஃபா சின்னமா, வெறும் இதயமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். என் மனம் அந்தச் சுத்தியலைப் பிடித்த கையிலேயே நிற்கிறது. யாரோ ஒருவர் பொறுமையாக ஆணி ஆணியாக அடித்திருக்கிறார்.

கண்டெடுத்த பிறகும் வேலை நிற்கவில்லை. சில புதைகுழிகள் மீது கான்கிரீட்டே ஊற்றினார்கள். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதால் 1992இல் நாடாளுமன்றம் தலையிட்டுத் தோண்டுவதை நிறுத்தியது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்ட எச்சங்கள், கானாவில் செதுக்கிய மரப்பெட்டிகளில் 2003இல் அதே மண்ணுக்குத் திரும்பின. 2006இல் அந்த இடம் தேசிய நினைவிடமானது.

அங்கே புதைக்கப்பட்டவர்கள் சுமார் 15,000 பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மீதிப்பேர் இன்னமும் அந்தத் தெருக்களுக்கும் அலுவலகங்களுக்கும் அடியில்தான் கிடக்கிறார்கள்.