போட்டிச் சண்டைப் படங்களில் எதிராளிக்கும் ஒரு கலை வேண்டும்

பல நாட்டு வீரர்கள் ஒரே களத்தில் மோதும் படம் என்றால் போஸ்டரில் சுமோ, தாய்லாந்தின் முய் தாய், பிரேசிலின் கப்போயேரா, குங்ஃபூ எல்லாம் வரிசையாக நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் உடை மட்டும்தான் வேறு. எல்லாரும் ஒரே மாதிரி எகிறி உதைக்கிறார்கள். இந்த வகைப் படங்கள் சப்பென்று போவதற்குக் கதையைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன்.

முய் தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயிரே நெருக்கத்தில் இருக்கிறது. எதிராளியின் பிடரியை இரு கைகளாலும் வளைத்துக் கீழே இழுத்து, விலாவில் முழங்காலால் இடிப்பது. குத்து என்றால் கேமராவை ஏமாற்றலாம். வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து, முகத்துக்கு ஒரு அடி முன்னால் கை கடந்து போனாலும் பட்டது போலவே தெரியும். பக்கவாட்டில் வைத்தால் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். வாங்குபவர் அரை நொடி முந்தித் தலையைத் திருப்பினாலும் குட்டு உடைந்துவிடும். ஆனால் இரண்டு உடல்கள் ஒட்டி நிற்கும்போது முழங்கால் இடியை எந்தக் கோணத்தில் ஒளிப்பது? உண்மையாகவே கொஞ்சம் படத்தான் வேண்டும். சட்டை போடாத வீரருக்கு உள்ளே அடி தாங்கும் பேட் வைக்கவும் வழியில்லை. அதனால் பல ஸ்டண்ட் மாஸ்டர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, தலை உயர உதையைக் கொடுத்து ஒப்பேற்றுகிறார்கள். முய் தாய் அங்கேயே செத்துப்போகிறது.

சுமோவுக்கு நடப்பது இன்னும் கொடுமை. சுமோ ஆடும் வட்டத்தின் விட்டமே 4.55 மீட்டர்தான். வெளியே கால் வைத்தாலோ, பாதம் தவிர வேறு எந்தப் பாகம் தரையில் பட்டாலோ தோல்வி. பெரும்பாலான ஆட்டங்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். அப்படிப்பட்டவரைப் பெரிய மைதானத்தில் விட்டு, மூன்று நிமிடம் அடி வாங்கும் மூட்டையாக ஆக்கிவிடுகிறார்கள். முதல் பாய்ச்சலை நாயகன் எப்படித் தாங்கப்போகிறான் என்பதை மட்டும் மையமாக வைத்து முப்பது நொடியில் முடித்தால் எவ்வளவு பதற்றம் கிடைக்கும்!

கப்போயேராவுக்குத் தரை தெரிய வேண்டும், கேமராக்காரர்களே. கையைத் தரையில் ஊன்றிக் காலைச் சுழற்றுபவரை இடுப்புக்கு மேல் ஃப்ரேம் வைத்து எடுத்தால் என்ன மிஞ்சும்?

அடுத்தது கணக்கு. தோற்றவர் வெளியேறும் நாக் அவுட் போட்டியில் 16 பேர் என்றால் 15 சண்டைகள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தாலே 45 நிமிடம் போய்விடும். ஆகவே முதல் சுற்றைத் துண்டு துண்டாக ஓட்டுவதில் தப்பில்லை. ஆனால் வில்லனின் முதல் சண்டையை அந்தத் தொகுப்பில் தள்ளவே கூடாது. அவன் எதை வைத்து ஜெயிக்கிறான், எந்தப் பக்கம் பலவீனம் என்று பார்வையாளர் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். அது தெரியாவிட்டால் இறுதிச் சண்டையில் நாயகன் செய்வது எதுவும் உத்தியாகவே தெரியாது.

1973இல் வந்த ‘எண்டர் தி டிராகன்’ தொடக்கத்தில் புரூஸ் லீயும் ஹாங்காங் நடிகர் சம்மோ ஹங்கும் மோதுவதை மறுபடி பாருங்கள். விரல் திறந்த கையுறை, தூக்கி எறிதல், கடைசியில் தரையில் ஒரு பிடி. எதிராளி தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். இப்படிப் பல கலைகளைக் கலந்து மோதும் யுஎஃப்சி போட்டிகள் தொடங்கியது 1993இல், இருபது வருடம் கழித்து! சம்மோ ஹங் அங்கே வெறுமனே விழுவதற்காக நிற்கவில்லை. கனத்த உடம்போடு குட்டிக்கரணம் போட்டு எழுகிறார், திருப்பி அடிக்கிறார். அவர் அவ்வளவு திறமையாக இருப்பதால்தான் லீயின் வேகம் நமக்கு உறைக்கிறது.