ரியால்டோ பாலத்தைக் கட்டியவர் மைக்கலாஞ்சலோ அல்லர்

வெனிஸ் நகரின் பெருங்கால்வாய் மேல் நிற்கும் ரியால்டோ பாலம் 800 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோ கட்டிய கற்பாலம் என்றும், அன்றுமுதல் ஒரு கல்கூட மாறவில்லை என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி படத்துடன் சுற்றிவருகிறது. அது தவறு. மைக்கலாஞ்சலோ பிறந்ததே 1475இல்தான்.

அவ்விடத்தில் முதலில் இருந்தது 12ஆம் நூற்றாண்டின் மிதவைப் பாலம். பின்னர் வந்த மரப்பாலம் 1310 கலகத்தில் சேதமடைந்தது. 1444இல் படகு ஊர்வலம் காணத் திரண்ட கூட்டத்தின் பாரம் தாங்காமல் சரிந்தது. 1524இல் மீண்டும் இடிந்தது. உயரமான கப்பல்கள் கடப்பதற்காகத் தூக்கித் திறக்கும் நடுப்பகுதியுடன் இருந்த அந்த மரப்பாலத்தை, வெனிஸ் அக்காதெமியா கலைக்கூடத்தில் உள்ள, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்ப்பாச்சோ என்ற ஓவியர் வரைந்த ஓவியத்தில் இன்றும் தெளிவாகப் பார்க்கலாம். இந்தச் செய்தியைப் பொய்யாக்க அந்த ஒரு படமே போதும்.

இன்றைய கற்பாலம் 1588 முதல் 1591 வரை அந்தோனியோ தா போன்தேயின் வடிவமைப்பில் எழுந்தது. மைக்கலாஞ்சலோ 1564இலேயே காலமாகிவிட்டார். அவரும் ஒரு வரைபடம் தந்ததாக ஒரு மரபுச் செய்தி உண்டு. குழப்பம் அதிலிருந்து கிளம்பியிருக்கலாம். கட்டடக் கலைஞர் பல்லாடியோ தந்த, பல வளைவுகள் கொண்ட திட்டத்தையும் விடுத்து, படகுகளுக்கு வழிவிடும் ஒற்றை வளைவையே நகரம் ஏற்றது.

கலைக்கூடத்தின் இணையதளத்திலும் கலைக்களஞ்சியங்களிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.